ஒரு ஸ்னாப்கூட ஆடாத பையனிடம் 14 வெற்றி அணி: வைக்கிங்ஸ் செய்வது சரியா?

ஊதாக்கொடி (இழையைத் தொடங்கியவர், 2025 ஆகஸ்ட்)

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 2025 சீசனில் எங்கள் வைக்கிங்ஸின் முதல் ஆட்டம் செப்டம்பர் 8, திங்கள் இரவு, சிகாகோவில். இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் மின்னசோட்டா வைக்கிங்ஸ் 14 ஆட்டம் ஜெயித்து 3 தோற்றது. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், சாம் டார்னால்ட். 2018 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில்) மூன்றாவது ஆளாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்து, சரிப்பட்டு வராமல், ஊர் ஊராகச் சுற்றி எங்களிடம் வந்தவர். ஒரு வருட ஒப்பந்தம், 1 கோடி டாலர். அந்த ஊதியத்துக்கு 4,319 யார்டு, 35 டச்டவுன் பாஸ் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி தரும் எறிதல்) தந்தார். ஆனால் கடைசி இரண்டு ஆட்டத்தில் எல்லாம் கவிழ்ந்தது. டெட்ராய்டிடம் 31-9. பிளேஆஃபில் (நாக்கவுட் சுற்றில்) ராம்ஸிடம் 27-9. அந்த ராம்ஸ் ஆட்டத்தில் அவரை ஒன்பது தடவை தரையில் சாய்த்தார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு எறிவது என்று தெரியாமல் நின்ற அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மார்ச்சில் அவரை விட்டுவிட்டோம். சியாட்டில் மூன்று வருடத்துக்கு 10 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. இப்போது அணி ஜே.ஜே. மெக்கார்த்தி கையில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடக்க ஆட்டக்காரனாக 28 ஆட்டத்தில் 27 வெற்றி, தேசியப் பட்டம், எல்லாம் உண்மைதான். 2024 டிராஃப்டில் பத்தாவது ஆளாக எடுத்தோம். ஆகஸ்டில் ரெய்டர்ஸுடன் நடந்த ஒரே ஒரு பயிற்சி ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் பாஸ் போட்டான். அடுத்த சில நாளில் வலது முழங்கால் சவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சை, முழு சீசனும் போனது. அதாவது கணக்கில் சேரும் ஆட்டத்தில் அவன் இன்றுவரை ஒரு ஸ்னாப்கூட (பந்தைப் பின்னால் தந்து தொடங்கும் ஒரு நகர்வுகூட) ஆடவில்லை.

நான்கு சூப்பர் பௌல் (லீக்கின் இறுதியாட்டம்) ஆடி நான்கையும் தோற்ற அணி இது. நன்றாக ஓடிய வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டிப் பார்க்காத வண்டியில் குடும்பத்தையே ஏற்றுவது மாதிரி இருக்கிறது. என் பயம் நியாயமா, இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டைப்பந்துவாசி

அண்ணா, நான் இந்த விளையாட்டுக்குப் புதுசு. போன வருடம்தான் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சந்தேகம். கிரிக்கெட்டிலும் புதுப் பையனை இறக்குகிறார்கள். ஆறாவது இடத்தில் ஆட வைப்பார்கள், இரண்டு ஓவர் கொடுத்துப் பார்ப்பார்கள், சொதப்பினால் அடுத்த தொடரில் வேறு ஆள். இங்கே மட்டும் ஏன் ஒரு பையனை இறக்குவதை இவ்வளவு பெரிய சூதாட்டமாகப் பேசுகிறோம்?

பச்சைமஞ்சள்

தம்பி, நல்ல கேள்வி. நான் கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகன், அதாவது ஊதாக்கொடிக்குப் பரம எதிரி. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் வலி எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் ஒரு ஆளை ஒளித்து வைக்கலாம். இங்கே குவார்ட்டர்பேக்கை ஒளித்து வைக்க இடமே இல்லை. உங்கள் அணி பந்தை வைத்திருக்கும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் ஆட்டத் திட்டத்தைச் சொல்வார். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ அறுந்துவிடும். அப்புறம் அவன் தனி. எதிரே நிற்கும் பதினோரு பேரும் எங்கே நிற்கிறார்கள், யார் பாய்ந்து வரப்போகிறார்கள், யார் வருவதுபோல் நடித்துப் பின்வாங்கப் போகிறார்கள் என்று படிக்க வேண்டும். தன் ஆட்களை மாற்றி நிறுத்த வேண்டும். பந்து கைக்கு வந்த பிறகு கிடைப்பது இரண்டரை, மூன்று நொடி. கல்லூரியில் ஆள் விலகி ஓடிய பிறகு எறிந்தால் போதும். இங்கே ஆள் விலகுவதற்கு முன்னால், அவன் விலகப் போகும் இடத்தைப் பார்த்து எறிய வேண்டும். இது கைப்பலம் இருந்தால் வந்துவிடும் வித்தை அல்ல. பலபேருக்கு வராமலே போயிருக்கிறது.

கஜானா

பணப்பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இதை வெறும் சூதாட்டம் என்று பார்த்தால் பாதிதான் தெரியும்.

2010-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஒரு பந்துகூட எறிவதற்கு முன்பே 5 கோடி டாலர் உத்தரவாதம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் வீரர் சங்கத்தோடு புது ஒப்பந்தம் வந்தது, புதுமுகங்களின் ஊதியத்துக்கு வரம்பு கட்டினார்கள். 2011-ல் முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்தே சுமார் 2.2 கோடிதான். இன்று மெக்கார்த்திக்கும் நான்கு வருடத்துக்குக் கிட்டத்தட்ட அதே தொகை. பெயர் வாங்கிய குவார்ட்டர்பேக் ஒரு வருடத்துக்கே 5 கோடிக்கு மேல் கேட்கிறார். எல்லா அணிக்கும் ஊதிய உச்சவரம்பு ஒன்றுதான், 2025-க்கு 27.9 கோடி. ஆக, குவார்ட்டர்பேக்கில் மிச்சம் பிடித்ததை வேறு இடத்தில் போடலாம்.

வைக்கிங்ஸ் அதைத்தான் செய்தது. குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் வரிசையில் கார்டு இடத்துக்கு வில் ஃப்ரைஸ், நடுவில் ரயன் கெல்லி, தடுப்பாட்டத்துக்கு ஜோனதன் ஆலன், ஜேவன் ஹார்கிரேவ் என்று ஆள் பிடித்தார்கள். டார்னால்டை ஒன்பது முறை சாய்த்த அந்த ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் பையனை உள்ளே அனுப்புகிறார்கள். ஊதாக்கொடி அண்ணா சொன்ன வண்டி உவமையை வைத்தே சொல்கிறேன்: ஓட்டுநர் புதுசு, ஆனால் சக்கரம், பிரேக் எல்லாம் மாற்றியாயிற்று.

சிவப்புத்தங்கம்

சக்கரமும் பிரேக்கும் எங்களிடமும் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ 49ers ரசிகனாக என் கதையையும் கேளுங்கள்.

2021 மார்ச்சில் எங்கள் அணி பன்னிரண்டாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏறியது. அதற்கு மயாமிக்குக் கொடுத்தது மூன்று வருடத்தின் முதல் சுற்றுத் தேர்வுகள், கூடவே ஒரு மூன்றாம் சுற்று. எடுத்த பையன் ட்ரே லான்ஸ். வடக்கு டகோட்டா ஸ்டேட்டில் 2019-ல் 28 டச்டவுன் பாஸ், ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிராளி கையில் சிக்கும் எறிதல்) இல்லை. கேட்கவே பிரமாதமாக இருக்கும். ஆனால் கல்லூரியில் அவன் தொடக்க ஆட்டக்காரனாக ஆடியது மொத்தம் 17 ஆட்டம். கோவிட் வந்ததால் 2020 இலையுதிர் காலத்தில் அவன் அணி ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடியது. ஆட வேண்டிய வயதில் ஆடவே இல்லை, அதுதான் அவனுக்கு நேர்ந்த கொடுமை.

எங்களிடம் வந்தும் அதே கதை. முதல் வருடம் ஜிம்மி கராப்பலோ பின்னால் உட்கார்ந்தான். 2022-ல் அணியை அவன் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே, சியாட்டிலுக்கு எதிராக, கணுக்கால் முறிந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது எழுந்து நின்று கைதட்டினோம். அவன் எங்களுக்காக ஆடிய கடைசி உண்மையான ஆட்டம் அதுதான் என்று யாருக்குத் தெரியும்? மூன்று முதல் சுற்றுத் தேர்வு கொடுத்து வாங்கிய பையன் எங்களுக்காக எறிந்தது மொத்தம் 102 பாஸ். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டல்லஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவன் இடத்தை எடுத்தது பிராக் பர்டி. 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆவது. ஐயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடி அடிபட்டுத் தேறியவன். எங்களைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோனது அவன்தான். திறமை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் லான்ஸ் ஒரு படி மேல். எத்தனை தப்பு செய்து பார்த்திருக்கிறான் என்று கேட்டால் பர்டி பல படி மேல். மெக்கார்த்தியும் ஒரு வருடம் முழுக்க ஆடாமல் இருந்திருக்கிறான். என் கவலை அங்கேதான்.

ஊதாக்கொடி

சிவப்புத்தங்கம், உங்கள் பதிவைப் படித்ததும் 2016 ஆகஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. டெடி பிரிட்ஜ்வாட்டர், அப்போதைய எங்கள் குவார்ட்டர்பேக். யாரும் தொடவே இல்லை. சாதாரணப் பயிற்சியில் பின்னால் நகரும்போது முழங்கால் மூட்டு பிசகி விழுந்தார். நான்கு நாளில் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து, கஜானா சொன்ன அதே சாம் பிராட்ஃபோர்டை வாங்கினோம். முழங்கால் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊர் நடுங்கும்.

ஆனால் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மெக்கார்த்திக்கு முன்பு நாங்கள் டிராஃப்டில் இவ்வளவு சீக்கிரம் எடுத்த குவார்ட்டர்பேக் டான்டே கல்பெப்பர், 1999, பதினொன்றாவது ஆள். முதல் வருடம் வெளியே உட்கார்ந்தார். 2000-ல் மூத்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு அவரை இறக்கினார்கள். அப்போதும் இதே புலம்பல்தான். 33 டச்டவுன் பாஸ், 11 வெற்றி, என்எஃப்சி (லீக்கின் ஒரு பாதி) இறுதியாட்டம். அந்த இறுதியாட்டத்தில் ஜயன்ட்ஸிடம் 41-0 என்று தோற்றோம், அது வேறு துக்கம்.

கூடுதலாக ஒரு கவலை. இடது டாக்கிள் (அதே அரண் வரிசையின் ஓர ஆள்) டாரிசா போன அக்டோபரில் முழங்கால் அடிபட்டவர், இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜோர்டன் ஆடிசன் முதல் மூன்று ஆட்டத்துக்குத் தடை. பிரேக் மாற்றியது சரி, இரண்டு சக்கரம் இன்னும் பட்டறையில் இருக்கிறது.

பச்சைமஞ்சள்

இப்போது நான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

2020 ஏப்ரல், கோவிட் காலம். டிராஃப்டையே அவரவர் வீட்டிலிருந்து நடத்தினார்கள். எங்கள் அணி முந்தைய சீசனில் 13 ஆட்டம் ஜெயித்து என்எஃப்சி இறுதிவரை போயிருந்தது. எங்கள் குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸுக்கு ஒரு நல்ல ரிசீவரை எடுத்துத் தருவார்கள் என்று நாடே நினைத்தது. மேலாளர் பிரையன் குடகன்ஸ்ட் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வைக் கூடுதலாகக் கொடுத்து நான்கு இடம் முன்னேறி, 26-ஆவது ஆளாக ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார். யூட்டா ஸ்டேட் பையன். 2018-ல் 32 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். அடுத்த வருடம் பயிற்சியாளர் மாறி, கூட ஆடியவர்கள் போய், 20 டச்டவுனுக்கு 17 இன்டர்செப்ஷன். என் கையிலிருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் பேச்சு வரவில்லை.

2020-ல் அந்தப் பையன் ஒரு ஆட்டத்துக்குக்கூட சீருடை போடவில்லை. மூன்றாவது ஆளாக ஓரமாக நின்றுகொண்டிருந்தான். ராஜர்ஸ் 2020, 2021 இரண்டு வருடமும் தொடர்ந்து எம்விபி (சீசனின் சிறந்த வீரர் விருது) வாங்கினார். 2021 நவம்பரில் ராஜர்ஸுக்குக் கோவிட் வந்ததும் முதல் தடவையாக லவ் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கினான், கன்சாஸ் சிட்டி மைதானத்தில். அங்கே தடுப்பாட்டத்தைத் திட்டமிடுபவர் ஸ்டீவ் ஸ்பான்யோலோ. பையன் புதுசு என்று தெரிந்ததும் ஆளுக்கு மேல் ஆளை ஏவினார். 13-7 என்று தோற்றோம். "இவன் தேறமாட்டான்" என்று இதே போன்ற ஒரு இழையில் நானே எழுதினேன். அதை அழிக்கவில்லை, இன்னும் இருக்கிறது.

2022-ல் டாம் கிளமென்ட்ஸ் ஓய்விலிருந்து திரும்பி வந்தார். ராஜர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர். லவ்வின் கால் வேலையை மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். குவார்ட்டர்பேக்கின் எறிதல் கையில் இல்லை, காலில்தான் இருக்கிறது. எத்தனை அடி பின்வாங்குகிறானோ அதுதான் அவன் கடிகாரம். மூன்றாவது அடி தரையில் ஊன்றும்போது முதல் ஆளைப் பார்க்க வேண்டும். அங்கே வழியில்லையா, ஒரு சின்னத் துள்ளல், இரண்டாவது ஆள். கால் தாமதமானால் கண் தாமதம், கண் தாமதமானால் பந்து எதிராளி கையில்.

2023-ல் ராஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போனார். அணி மேலிடம்கூட லவ்வை முழுதாக நம்பவில்லை என்பதை ஒப்பந்தத்திலேயே பார்க்கலாம். ஒப்பந்தத்தை ஐந்தாவது வருடத்துக்குக் கொண்டுபோகும் உரிமையை எடுக்காமல், குறைந்த உத்தரவாதத்தில் ஒரு வருடம் மட்டும் நீட்டினார்கள். சுற்றி இருந்தவர்களும் பொடியன்கள்: வாட்சன், டௌப்ஸ், ரீட், விக்ஸ், எல்லாரும் முதல் வருடம், இரண்டாம் வருடம். எங்கள் லாம்போ மைதானத்தில் அவனுடைய முதல் தொடக்கம், செயின்ட்ஸுக்கு எதிராக. நான்காவது கால் ஆட்டம் வரை 17-0 பின்தங்கியிருந்தோம். அந்த அலுமினியப் பலகையில் உட்கார்ந்து எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன் நான். 18-17 என்று ஜெயித்தோம். அப்புறம் மறுபடி சரிவு, 3 வெற்றி 6 தோல்வி. அந்த நேரத்தில் எத்தனையோ அணிகள் பையனைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும். எங்கள் பயிற்சியாளர் லஃப்ளூர் அசையவில்லை. கடைசி எட்டு ஆட்டத்தில் லவ் 18 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். பிளேஆஃபில் டல்லஸுக்கே போய் 48-32.

ஊதாக்கொடி, உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அணி 3-6 ஆனால் உங்கள் ஊர் அந்தப் பையனை விட்டுவைக்குமா? முழங்கால், ஒப்பந்தம், டார்னால்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வடக்குக்காற்று

பச்சைமஞ்சள் அண்ணன் அழகாகச் சொன்னார், ஆனால் விலையைச் சொல்லாமல் விட்டார். நானும் பேக்கர்ஸ் ரசிகன்தான், அதனால் உரிமையோடு கேட்கிறேன்.

லவ்வை எடுத்த அதே டிராஃப்டில் டீ ஹிக்கின்ஸ் 33-ஆவது ஆளாகப் போனான், நாம் ஆரம்பத்தில் இருந்த இடத்துக்கு மூன்றே இடம் தள்ளி. அந்தச் சீசனின் என்எஃப்சி இறுதியில், நம் மைதானத்தில், டாம்பா பேயிடம் 31-26 என்று தோற்றோம். ஐந்து புள்ளி. ஒரு நல்ல ரிசீவர் கூடுதலாக இருந்திருந்தால்? ராஜர்ஸ் தன் உச்சத்தில் ஆடிய இரண்டு வருடமும் சூப்பர் பௌல் இல்லாமல் போனது. கஜானா சொன்ன மலிவான ஒப்பந்தக் காலம் மூன்று வருடம் பெஞ்சிலேயே கழிந்தது. 2024 ஜூலையில் நான்கு வருடத்துக்கு 22 கோடி கொடுக்க வேண்டி வந்தது. பையன் தேறினான், சரி. அவனுக்காகக் கொடுத்ததையும் எழுத வேண்டாமா?

பச்சைமஞ்சள்

எழுத வேண்டும். அந்த 31-26 எனக்கு ஆறவில்லை, இனியும் ஆறாது. ஹிக்கின்ஸ் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்பதை என்னால் மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. அன்று எட்டு புள்ளி பின்தங்கியிருக்கும்போது, கோட்டுக்கு எட்டு யார்டில் நின்றுகொண்டு மூன்று புள்ளி மட்டும் தரும் ஃபீல்டு கோல் அடித்ததும் நாம்தான். அதில் லவ்வுக்கு ஒரு பங்கும் இல்லை.

ஆனால் 2005-ல் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் இருக்கும்போதே 24-ஆவது ஆளாக ராஜர்ஸை எடுத்தபோதும் இதே வாதம் நடந்தது. மூன்று வருடம் உட்கார்ந்தார். 2008-ல் இறங்கியதும் 6 வெற்றி, 10 தோல்வி. ஃபார்வை அனுப்பியது பாவம் என்று ஊரே சொன்னது. 2011 பிப்ரவரியில் அதே ராஜர்ஸ் பிட்ஸ்பர்க்கை 31-25 ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார். நமக்கு உடைமையாளர் என்று ஒரு தனி மனிதர் இல்லை, லட்சக்கணக்கான பங்குதாரர்கள்தான். இரவோடு இரவாக மனம் மாறிப் பையனைத் துரத்த ஒரு முதலாளி இல்லாததும் நமக்குக் கிடைத்த வரம் என்று நினைக்கிறேன்.

சிவப்புத்தங்கம்

லவ்வின் அந்த முதல் சீசன் எங்கள் மைதானத்தில்தான் முடிந்தது. 24-21. மழை. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. லவ் வலப்பக்கம் ஓடிக்கொண்டே, உடம்பை முறுக்கி, நடுவில் எறிந்தான். எங்கள் கிரீன்லா பிடித்தார். நாங்கள் ஜெயித்தோம், ஆனாலும் அந்தப் பையன் தலையில் கைவைத்து நின்றதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஊதாக்கொடி

அதே எறிதல்! 2010 ஜனவரியில் எங்கள் சீருடையில் ஃபார்வ் எறிந்ததும் அதுதான். நியூ ஆர்லியன்ஸில், ஆட்டம் சமனில் இருக்கும்போது, வலப்பக்கம் ஓடி, குறுக்கே நடுவுக்கு. எதிரணியின் ட்ரேசி போர்ட்டர் பிடித்தார். கூடுதல் நேரத்தில் 31-28 தோல்வி. ஃபார்வுக்கு அப்போது 40 வயது. கிட்டத்தட்ட இருபது வருட அனுபவம் இருப்பவரே அந்தத் தப்பைச் செய்தார் என்றால், புதுப் பையன் செய்தால் நான் எந்த முகத்தோடு திட்டுவது?

பச்சைமஞ்சள், நீங்கள் கேட்டதற்குப் பதில். 3-6 ஆனால் ஊர் விட்டுவைக்காது. ஆனால் எங்கள் பயிற்சியாளர் கெவின் ஓகானல் விட்டுவைப்பார் என்று நம்புகிறேன். அவரே குவார்ட்டர்பேக்காக இருந்தவர், 2008-ல் மூன்றாம் சுற்றில் வந்து, ஆட வாய்ப்பே அதிகம் கிடைக்காமல் முடிந்தவர். வாய்ப்பு கிடைக்காதவனின் மனசு அவருக்குத் தெரியும். நான் பார்த்த வரை மெக்கார்த்தியிடம் அவர் அவசரப்படவில்லை.

மட்டைப்பந்துவாசி

எல்லாரும் எழுதியதைப் படித்த பிறகு பார்க்க ஆசையாக இருக்கிறது. லவ்வின் ஆட்டத்தில் எதை முதலில் பார்க்கலாம்? டல்லஸ் ஆட்டமா?

பச்சைமஞ்சள்

டல்லஸ் வேண்டாம் தம்பி, அதில் எல்லாமே சரியாக நடக்கும், ஒன்றும் தெரியாது. இரண்டு ஆட்டம் சொல்கிறேன். முதலில் 2021 நவம்பர், கன்சாஸ் சிட்டி, அந்த 13-7. அடுத்து 2023 டிசம்பர் 3, அதே கன்சாஸ் சிட்டி லாம்போவுக்கு வந்தது, அதே ஸ்பான்யோலோ. 27-19 என்று ஜெயித்தோம். மூன்று டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார். பந்தைப் பார்க்காதே, அவன் காலை மட்டும் பார். முதல் ஆட்டத்தில் ஆள் பாய்ந்து வரும்போது கால் இரண்டும் தரையில் தத்தளிக்கும். இரண்டாவதில் ஆள் மேலே விழப்போகிறான் என்று தெரிந்தும் பின்வாங்கிக்கொண்டே, பின்னங்காலில் சாய்ந்து, பந்தை விட்டிருப்பான். நடுவில் இரண்டு வருடம்.

ஊதாக்கொடி

நானும் இந்த வாரக் கடைசியில் அந்த இரண்டையும் பார்க்கிறேன். செப்டம்பர் 8, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம். மெக்கார்த்தி வளர்ந்தது சிகாகோ புறநகர்தான், சொந்தக்காரர்கள் எல்லாம் அரங்கில் இருப்பார்கள். நான் அவன் மூன்றாவது அடியை எண்ணிக்கொண்டிருப்பேன். ஆட்டம் முடிந்ததும் இதே இழைக்கு வருகிறேன், தோற்றாலும்.